மேதக் ஆலயம் சார்மினாரைவிட உயரமா? ஒரு கேள்வியும் தொடர்ந்த குறிப்புகளும்

கேள்வி (26 டிசம்பர் 2024, காலை)

தெலங்கானாவிலுள்ள மேதக் தேவாலயத்துக்கு நேற்றுடன் நூறு ஆண்டு நிறைந்துவிட்டதாகப் படித்தேன். சார்மினாரைவிட உயரமாகக் கோபுரம் எழுவதை அறிந்த நிஜாம் அதைத் தடுக்க முயன்று தோற்றார் என்றும், வத்திக்கானுக்கு அடுத்தபடியாக உலகிலேயே இரண்டாவது பெரியது இதுதான் என்றும் எனக்கு வந்த செய்தியில் இருந்தது. ஒரு மெதடிஸ்ட் மிஷனரி கிராமப்புறத்தில் இவ்வளவு பெரிய கோவிலைக் கட்டவேண்டிய தேவை என்ன? விவரம் தெரிந்தவர்கள் எழுதவும்.

26 டிசம்பர் 2024, இரவு

எல்லாக் கிறிஸ்துமஸுக்கும் இந்தச் செய்தி வலம் வருகிறது. செகந்திராபாத்தில் வளர்ந்த தமிழன் என்ற முறையில் எனக்கு ஆண்டுக்குப் பத்துப் பேராவது அனுப்புகிறார்கள். முதலில் உயரத்தை முடித்துவிடுகிறேன். மேதக் ஆலயத்தின் மணிக்கோபுரம் 175 அடி, அதாவது ஏறத்தாழ 53 மீட்டர். 1591ல் எழுந்த சார்மினாரின் மினார்களுக்குச் சில நூல்கள் 48.7 மீட்டர் என்றும் வேறு சில 56 மீட்டர் என்றும் போடுகின்றன. முதல் எண்ணை எடுத்தால் ஆலயம் உயர்ந்தது, இரண்டாவதை எடுத்தால் சார்மினார் உயர்ந்தது. ஆக, எந்த எண்ணை நம்புகிறோம் என்பதை வைத்து நூறாண்டுப் பெருமை மேலும் கீழும் ஆடுகிறது.

வத்திக்கான் சமாச்சாரம் இதைவிட வேடிக்கையானது. வத்திக்கானின் மொத்தப் பரப்பே 44 ஹெக்டேர்தான். மேதக் பக்கத்தில் நடுத்தரமான ஓர் ஏரி அதைவிடப் பெரிதாக இருக்கும். ஆங்கிலத்தில் முதலில் எழுதியவர் ‘டயோசிஸ்’ என்று, அதாவது ஒரு பேராயரின் ஆளுகைக்குட்பட்ட திருமண்டலத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். வழியில் யாரோ ஒருவர் திருமண்டலத்தைக் கட்டடமாக மாற்றிவிட்டார். திருமண்டலம் என்றே வைத்துக்கொண்டாலும், கத்தோலிக்கத் திருச்சபையின் தலைமையிடத்தோடு ஒரு சீர்திருத்தத் திருச்சபையின் மண்டலத்தை எதைக் கொண்டு அளந்து வரிசைப்படுத்தினார்கள் என்பது அளந்தவருக்கே வெளிச்சம்.

தேவை என்ன என்ற கேள்விதான் நல்ல கேள்வி. நாளை எழுதுகிறேன்.

27 டிசம்பர் 2024

கட்டியவர் சார்ல்ஸ் வாக்கர் போஸ்னெட். ஜான் வெஸ்லி தொடங்கிய மெதடிஸ்ட் என்னும் சீர்திருத்தச் சபையின் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த ஆங்கிலேயப் போதகர். 1895ல் செகந்திராபாத் வந்து திருமலகிரி முகாமிலிருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு ஊழியம் செய்தார். அந்த முகாமை ஒட்டித்தான் சென்னை இராணுவத்தோடு வந்த தமிழர்கள் குடியேறினார்கள். என் கொள்ளுத்தாத்தா வந்த வழியும் அதுவே. சிப்பாய்களிடையே வேலை செய்வதில் மனம் ஒட்டாமல் போஸ்னெட் கிராமங்களை நோக்கிப் புறப்பட்டார். செகந்திராபாத்திலிருந்து மேதக் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். அந்நாளில் குதிரையில் இரண்டு நாள் பயணம் என்பார்கள். அங்கே இருந்தது சுமார் இருநூறு பேர் உட்காரக்கூடிய சிறிய ஜெப வீடு மட்டுமே. சுற்றுப்புற ஊர்களில் மாலா, மாதிகா சமூகத்து மக்கள் சேரி சேரியாகத் திருச்சபைக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. ஊர்க் கோவிலின் வாசலைத் தாண்ட அனுமதியில்லாதவர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து கும்பிட ஓரிடம் வேண்டியிருந்தது என்பதுதான் அந்த அளவுக்கு முதற்காரணம் என்று நான் நினைக்கிறேன்.

வேலை 1914ல் தொடங்கியது. 1924 டிசம்பர் 25ஆம் தேதி பிரதிஷ்டை நடந்தது. நூறடி அகலம், இருநூறு அடி நீளம், சிலுவை வடிவம், ஐயாயிரம் பேர் கொள்ளும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அகலத்தையும் நீளத்தையும் அப்படியே பெருக்கினாலும் ஒருவருக்கு நான்கு சதுர அடிதான் வருகிறது. சிலுவை வடிவத்தில் மூலைகள் கழிந்துபோகும் என்பதால் உண்மையில் அதைவிடக் குறைவு. பெஞ்சு போட்டால் இது நடக்கவே நடக்காது. முழங்காலோடு முழங்கால் இடிக்கத் தரையில் சம்மணமிட்டு உட்காரும் கூட்டத்துக்கான கணக்கு அது. வரைபடம் இங்கிலாந்திலிருந்து வந்தது, உட்காரும் முறை மேதக்கினுடையது.

27 டிசம்பர் 2024, பின்னிரவு

ஒரு திருத்தம். இந்த இழையில் பலரும் ‘1924ல் கட்டிய பேராலயம்’ என்று எழுதுகிறார்கள். 1924ல் அது பேராலயமே அல்ல. பேராயரின் ஆசனம் இருக்கும் கோவிலுக்குத்தான் பேராலயம் என்று பெயர். மெதடிஸ்ட் சபையிலோ பேராயர் பதவியே கிடையாது. ஆகவே போஸ்னெட் கட்டியது அளவில் பெரிய ஒரு கிராமச் சபைக் கோவில், அவ்வளவே. 1947 செப்டம்பர் 27ஆம் தேதி சென்னை செயின்ட் ஜார்ஜ் ஆலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை தொடங்கப்பட்டபோது வெஸ்லியன் சபைகளும் அதில் இணைந்தன. மேதக்குக்கு ஒரு பேராயர் வந்தார். அவர் பெயர் ஃபிராங்க் விட்டேக்கர். கட்டி முடித்து இருபத்துமூன்று ஆண்டுகள் கழித்து, ஒரு கல்லைக்கூட அசைக்காமல், கோவில் பேராலயமாகிவிட்டது.

29 டிசம்பர் 2024

மெதடிஸ்ட் சபையில் பேராயர் கிடையாது என்று நான் எழுதியதை வேப்பேரியிலிருந்து ஒரு நண்பர் பிடித்துக்கொண்டார். தம்முடைய மெதடிஸ்ட் சபைக்கு இன்றைக்கும் பேராயர் இருக்கிறாரே, அவரை நான் பதவி நீக்கம் செய்துவிட்டேனா என்று கேட்கிறார். அவர் சொல்வது சரி. நான் ‘பிரிட்டிஷ் மெதடிஸ்ட் சபையில்’ என்று எழுதியிருக்கவேண்டும். 1784ல் ஜான் வெஸ்லி, அமெரிக்கச் சபைகளைக் கவனிக்கத் தாமஸ் கோக்கைக் கண்காணியாக நியமித்து அனுப்பினார். அங்கே கோக்கும், ஏற்கெனவே அங்கே ஊழியம் செய்துகொண்டிருந்த ஆஸ்பரியும் பேராயர்கள் என்று அழைக்கப்படலானார்கள். வெஸ்லிக்கு அந்தப் பட்டம் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அதனால் அமெரிக்க மெதடிஸ்ட் வழியில் பேராயர் உண்டு, ஆங்கிலேய வழியில் இல்லை. இந்த அமெரிக்க வழிச் சபைகள் 1947 இணைப்பில் சேரவில்லை, தனியாகவே நிற்கின்றன. நிஜாம் நாட்டிலேயே இரண்டு வழிகளும் இருந்தன: மேதக் ஆங்கிலேய மிஷனின் களம், விகாராபாத் பக்கம் அமெரிக்க மிஷனின் களம். இரு தரப்புக்கும் பெயர் மெதடிஸ்ட்தான், ஆனால் ஒரு தரப்பில் கோவில் பெரிது, மறு தரப்பில் பதவி பெரிது. இதைச் சொன்னதற்கு வேப்பேரி நண்பர் என்னை மன்னிக்கவேண்டும்.

30 டிசம்பர் 2024

‘நீங்கள் நேரில் பார்த்திருக்கிறீர்களா, அல்லது எண்களை மட்டும் அடுக்குகிறீர்களா?’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். முதலில் பார்த்தது 1978 கிறிஸ்துமஸுக்கு. எனக்கு ஒன்பது வயது. முந்தின நாள் மாலையே பஸ்ஸில் போய்ச் சேர்ந்தோம். வளாகம் முழுவதும் மாட்டு வண்டிகள், மூட்டைகள், மூன்று கல் வைத்த அடுப்புகள். எங்கு பார்த்தாலும் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு தூங்குகிறவர்கள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அவர்கள் கால்களை மிதிக்காமல் நடந்தாள். எங்கள் செகந்திராபாத் தமிழ்க் கோவிலில் செருப்போடு பெஞ்சில் உட்கார்ந்து பழகிய எனக்கு, இங்கே எல்லோரும் செருப்பை வெளியே விடுவது புதிதாக இருந்தது. விட்டேன், திரும்ப வந்தபோது இல்லை. கிறிஸ்துமஸுக்கென்று வாங்கிய புதுச் செருப்பு. ஊர் திரும்பும்வரை அப்பா என்னைத் தூக்கிக்கொண்டும் திட்டிக்கொண்டும் வந்தார்.

செருப்பில்லாமல் உள்ளே போனதில் ஒரு லாபம் உண்டு. அந்தத் தரையைக் கால்தான் முதலில் பார்த்தது. பிரிட்டனிலிருந்து கப்பலில் வந்த வண்ண ஓடுகளை இத்தாலியக் கொத்தர்கள் பதித்தார்கள் என்பது பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் டிசம்பர்க் குளிர் உள்ளங்காலிலிருந்து முழங்கால்வரை ஏறியதும், ஓடுகளுக்கிடையே இருந்த கோடு கால்விரலுக்குத் தட்டுப்படாததும்தான். கட்டட மேற்பார்வையில் முப்பது ஆண்டு கழித்த பிறகு இன்றைக்கும் நான் ஒரு தரையைச் சரிபார்க்கச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடக்கிறேன், மட்டப்பலகை பிறகுதான். அன்று இரவு ஆராதனையில் பலிபீடத்துக்குப் பின்னாலிருந்த வண்ணக் கண்ணாடி ஜன்னல் நீலமும் சிவப்புமாகச் சுடர்விட்டது இன்னும் கண்ணில் நிற்கிறது.

2 ஜனவரி 2025

பஞ்சத்தைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். வேண்டுமென்றேதான் தள்ளிவைத்தேன்; எனக்கு அதில் ஒரு நிலையான கருத்து அமையவில்லை.

போஸ்னெட் இந்தக் கட்டடத்தைப் பஞ்ச நிவாரண வேலையாக நடத்தினார், பசித்து வந்தவர்களுக்கு வேலை கொடுத்து உணவு கொடுத்தார் என்பதே அங்கே எல்லோரும் சொல்லும் வரலாறு. கட்டிய பத்தாண்டுகளைக் கவனித்தால் அதில் நியாயம் இருக்கிறது: 1914ல் உலகப் போர் தொடங்கியது, 1918ல் தக்காணத்தில் மழை பொய்த்தது, அதே ஆண்டு விஷக்காய்ச்சல் கொள்ளைநோயாக வந்து ஊர்களை வாரிக்கொண்டுபோனது. அந்தக் காலத்தில் நாள்தோறும் சோறு கிடைக்கும் ஒரு கட்டுமானத் தலம் இருந்தால் மக்கள் எங்கிருந்தெல்லாம் வருவார்கள் என்று சொல்லவேண்டியதில்லை. பன்னிரண்டாயிரம் பேர் வேலை செய்தார்கள் என்று பரவலாகச் சொல்கிறார்கள். ஒரே நேரத்தில் பன்னிரண்டாயிரம் பேர் என்று சிலர் அதை விளங்கிக்கொள்வதுதான் எனக்கு உடன்பாடில்லை. இருநூறு அடிக் கட்டடத்தில் அத்தனை பேரை நிறுத்தினால் வேலை நடக்காது, தேர்த்திருவிழாதான் நடக்கும். பத்தாண்டில் வந்துபோனவர்களின் கூட்டுத்தொகை என்றால் சரி.

இங்கே ‘சோற்றுக் கிறிஸ்தவர்கள்’ என்ற சொல்லை ஒருவர் எழுதியிருக்கிறார். ஊரின் பெயரையே அவருக்குப் பதிலாகச் சொல்லலாம். தெலுங்கில் ‘மெதுகு’ என்றால் சோற்றுப் பருக்கை; ஊரின் பழைய பெயர் மெதுகுதுர்கம். நெல் விளைந்த பூமிக்குப் பெருமையாக வைத்த பெயர்தான் அது. அந்த நெல்லை நட்டு அறுத்தவர்கள் பஞ்சத்தில் ஒரு பருக்கைக்குக் கல் சுமந்தார்கள். சோற்றுக்காகக் கல் சுமப்பது இழிவென்றால் உலகத்தில் எந்தக் கோவிலும் இழிவிலிருந்து தப்பாது. ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. வேலை கொடுப்பவரும் ஞானஸ்நானம் கொடுப்பவரும் ஒருவரே என்னும்போது, வேலைக்கு வருகிறவன் எதற்குத் தலையாட்டுகிறான் என்பது அவனுக்கே தெளிவாக இருந்திருக்குமா? இந்த இடத்தில்தான் நான் இரண்டு பக்கமும் சாய்கிறேன்.

2 ஜனவரி 2025, இரவு

மேலே எழுதியதோடு ஒன்று விட்டுப்போயிற்று. 2009 வாக்கில் நான் போனபோது முதியவர் ஒருவர் ஒரு தூணைத் தட்டிக் காட்டி, இது என் தாத்தா சுமந்த கல் என்றார். நெகிழ்ந்து போனேன். அரை மணி நேரம் கழித்து வேறொருவர் அதே தூணைத் தட்டி அதையே சொன்னார். தஞ்சைப் பெரிய கோவில் உச்சிக் கல்லுக்குச் சாரப்பள்ளத்திலிருந்து சாரம் கட்டியதில் தங்கள் முன்னோருக்குப் பங்குண்டு என்று சொல்லும் குடும்பங்களைச் சேர்த்தால் ஒரு தாலுகா நிறையும், அது போலத்தான். ஆனால் யோசித்துப் பார்த்தால், அந்தப் பருமனுள்ள கல்லை ஒரு தாத்தா மட்டும் சுமந்திருக்கவும் முடியாது. இரண்டு பேரும் உண்மையே சொல்லியிருக்கலாம்.

3 ஜனவரி 2025

கல்லைப் பற்றி என் தொழில் கண்ணுக்குப் பட்டதையும் எழுதிவிடுகிறேன். மேதக்கைச் சுற்றி வெறும் கருங்கல் குன்றுகள்; ஊரின் கோட்டையே ஒரு பாறை மேல்தான் நிற்கிறது. ஆகவே ஆலயத்துக்குக் கல் தேடிப் போகவேண்டியிருக்கவில்லை. ஆனால் வடிவம் கோதிக். கூரிய வளைவுகள், கொத்துக் கொத்தாகச் சேர்ந்த தூண்கள், விலா எலும்பு போன்ற கூரை வரிகள் ஆகியவையெல்லாம் ஐரோப்பாவில் சுண்ணாம்புக் கல்லில் பிறந்தவை. அந்தக் கல் உளிக்கு வெண்ணெய் போல இணங்கும். தக்காணக் கருங்கல் உளியைத் திருப்பி அடிக்கும். வரிசையாகக் குழி அடித்து, ஆப்பு இறக்கி, கல் பிளக்கும் ஓசைக்குக் காத்திருந்து, பிறகு முகம் முகமாகக் கொத்திச் சமன்செய்யவேண்டும்; ஒரு வளைவுக் கல்லுக்கு எத்தனை உளி முனை மழுங்கியிருக்கும் என்பது கல்லுளித் தச்சருக்கும் உலைக்களத்துக் கொல்லருக்கும்தான் தெரியும். அதனால்தான் மேதக்கில் பூவேலை, இலைவேலை அதிகம் இல்லை. வரைந்தவர்கள் இங்கிலாந்தின் போல்டன் நகரத்துப் பிராட்ஷா காஸ் அண்ட் ஹோப் நிறுவனத்தார். தாமஸ் எட்வர்ட் ஹார்டிங் என்பவர் பெயரும் சொல்லப்படுகிறது. மெதடிஸ்ட்களுக்குப் பெரிய பெரிய மண்டபங்களைக் கட்டிக் கொடுத்துப் பழகியவர்கள். கூரையின் உட்பக்கத்தில் எதிரொலியை உறிஞ்சப் பஞ்சு போன்ற நுண்துளைப் பொருளைப் பரப்பியிருப்பதாகச் சொல்வார்கள். பிரசங்கம் கேட்கவேண்டும் என்பது மெதடிஸ்ட் கோவிலின் முதல் விதி. அந்த விதியை இவ்வளவு உயரக் கூரையின் கீழே காப்பாற்றியிருக்கிறார்கள் என்பதை நான் பின்வரிசையில் நின்று கேட்டு உறுதி செய்துகொண்டேன். ஒலிபெருக்கி வைத்த பிறகுதான் இப்போது சரியாகக் கேட்பதில்லை.

6 ஜனவரி 2025

திருநெல்வேலிக்காரர் ஒருவர், நிஜாம் நாட்டில் கோவிலைப் பற்றிப் பேசிவிட்டு எங்கள் வெள்ளாளன்விளை அசரியாவை விட்டுவிட்டீர்களே என்று சண்டைக்கு வந்திருக்கிறார். நியாயமான சண்டை. 1912 டிசம்பர் 29ஆம் தேதி கல்கத்தாவில் ஆங்கிலிக்கன் சபையின், அதாவது இங்கிலாந்துத் திருச்சபை வழி வந்த சபையின், பேராயராக அபிஷேகம் செய்யப்பட்ட முதல் இந்தியரான வேதநாயகம் சாமுவேல் அசரியா, அதே நிஜாம் நாட்டில் தோர்ணக்கல்லில் தம் பேராலயத்தைக் கட்டினார். பிரதிஷ்டை 1939ல், இதே ஜனவரி 6ஆம் தேதி. அங்கே கோதிக் வளைவைத் தேடினால் கிடைக்காது. இந்துக் கோவில் தூண்களும் மசூதிக் கும்மட்டங்களும் சிலுவையோடு சேர்ந்து நிற்கின்றன. ஆங்கிலேயர் மேதக்கில் இங்கிலாந்தைக் கட்டினார், தமிழர் தோர்ணக்கல்லில் இந்தியாவைக் கட்டினார் என்று நண்பர் தீர்ப்பே எழுதிவிட்டார்.

தீர்ப்பு அழகாக இருக்கிறது; ஆனால் ஒரு தயக்கம். மெதடிஸ்ட்களுக்கு இங்கிலாந்திலேயே கோதிக் சொந்த வடிவம் இல்லை. வெஸ்லி காலத்தில் வயல்வெளியில் பிரசங்கம். பிறகு இடம் அமைந்தால் எண்கோணமாகக் கட்டுங்கள் என்பது அவர் சொன்ன அறிவுரை. யார்க்‌ஷயர் நெசவாளர் கிராமமான ஹெப்டன்ஸ்டாலில் 1764ல் அப்படிக் கட்டிய எண்கோணக் கோவில் இன்றும் இருக்கிறது. சுற்றி உட்கார்ந்து பிரசங்கம் கேட்கத் தோதான, மணிக்கோபுரமில்லாத வீடு. தறிநெய்பவர்களும் சுரங்கக்காரர்களும் கும்பிட்ட சபை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் வசதி வந்த பிறகுதான் பக்கத்துத் தெரு ஆங்கிலிக்கன் கோவிலைப் பார்த்துக் கோபுரத்துக்கு ஆசைப்பட்டது. ஆக, இங்கிலாந்தின் மெதடிஸ்ட் கிராமத்தான் ஏங்கிய கோபுரத்தை மேதக்கின் கிராமத்தான் கட்டினான். வேடிக்கை என்னவென்றால், அசல் கோதிக்குக்கு உரிமை கொண்டாடக்கூடிய ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்த அசரியாதான் அதை வேண்டாமென்று சொன்னவர்.

நண்பருக்கு ஒரு கேள்வியும் உண்டு. கோவில் தூணும் கும்மட்டமும் நம் நாட்டு வடிவங்கள்தாம். ஆனால் அந்தத் தூண்களை ஒட்டி நிற்கக்கூட விடப்படாதவர்களுக்கு எது சொந்த வடிவமாகத் தோன்றியிருக்கும்? யாரையும் நினைவூட்டாத கோதிக் அவர்களுக்கு ஆறுதலாகவே இருந்திருக்கலாம். இது என் ஊகம். அசரியாவின் மீதுள்ள மதிப்பு இதனால் குறையவில்லை.

7 ஜனவரி 2025

டிசம்பர் 30 குறிப்பில் நான் எழுதியதைத் திருத்தவேண்டும். இரவு ஆராதனையில் வண்ணக் கண்ணாடி சுடர்விட்டது என்று எழுதியிருந்தேன். ஒரு சகோதரி மிகுந்த மரியாதையோடு, வெளிச்சம் வெளியிலிருந்து வந்தால்தானே உள்ளே இருப்பவருக்கு அந்தக் கண்ணாடி தெரியும், இரவில் எப்படித் தெரிந்தது என்று கேட்டிருக்கிறார். தெரியாதுதான். இரவில் அந்த ஜன்னல்கள் கரும்பலகை. நாற்பத்தாறு ஆண்டுகளாக இந்த நினைவைப் பிறருக்குச் சொல்லி வந்திருக்கிறேன், ஒருவரும் தடுக்கவில்லை.

இப்போது யோசிக்கும்போது தெளிவாகிறது. கிறிஸ்துமஸ் முதல் ஆராதனை விடிவதற்கு வெகு முன்பே தொடங்கிவிடும். நான் அம்மா மடியில் தூங்கிவிட்டிருக்கிறேன். விழித்தபோது, முன்பு ஒன்றுமில்லாதிருந்த சுவரில் முதலில் ஒரு சாம்பல் நிறம் வந்தது. பிறகு கம்பிக் கோடுகள் தெரிந்தன, பிறகு அடர்ந்த நீலம், எல்லாவற்றுக்கும் கடைசியில் சிவப்பு. ஒன்பது வயதுக்காரனுக்கு இருட்டில் தொடங்கியதெல்லாம் இரவுதான்.

ஜன்னல்களைப் பற்றியும் ஒரு தவறு இங்கே உலவுகிறது. மூன்று ஜன்னல்களும் பிரதிஷ்டையன்றே இருந்ததாக ஒருவர் எழுதியிருக்கிறார். மூன்றையும் வரைந்தவர் ஆங்கிலேய ஓவியர் ஃபிராங்க் சாலிஸ்பரி, அவரும் மெதடிஸ்ட். பலிபீடத்துக்குப் பின்னாலிருக்கும் பரமேறுதல் ஜன்னல் 1927ல் வந்தது, பிறப்பு ஜன்னல் 1947ல், சிலுவைப்பாடு 1958ல். 1924 கிறிஸ்துமஸன்று அந்த மூன்று இடங்களிலும் ஒரு வண்ணமும் இல்லை. போஸ்னெட் 1939ல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பிவிட்டார். கடைசி ஜன்னல் வந்தபோது அவர் இறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. இயேசுவின் வாழ்க்கை வரிசையைக் கவனியுங்கள்: முதலில் பரமேறினார், இருபதாண்டு கழித்துப் பிறந்தார், அதன்பின் பதினோராண்டு கழித்துச் சிலுவையில் அறையப்பட்டார். நன்கொடை வரும் வரிசையில்தான் வேதாகமம் எழுதப்படும் என்பது கட்டட நிதிக் குழுவில் இருந்த எவருக்கும் புரியும்.

8 ஜனவரி 2025

சிறு குறிப்பு. தென்னிந்தியத் திருச்சபை தொடங்கிய 1947 செப்டம்பரில் ஐதராபாத் இன்னும் நிஜாமின் நாடுதான். இந்தியாவோடு இணைந்தது 1948 செப்டம்பரில். ஆகவே மேதக் சபையார் இந்தியாவுக்குள் வருவதற்கு ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்பே தென்னிந்தியாவுக்குள் வந்துவிட்டார்கள். இதைச் சொன்னால் செகந்திராபாத்தில் பழைய ஆட்கள் இன்றும் சிரிப்பார்கள்.

10 ஜனவரி 2025

முதல் கேள்வியில் ஒரு பகுதிக்கு நான் இன்னும் விடை சொல்லவில்லை என்று கேட்டவர் நினைவூட்டியிருக்கிறார்: நிஜாம் தடுக்க முயன்றாரா?

அன்றைய நிஜாம் மீர் உஸ்மான் அலி கான். 1911ல் பட்டத்துக்கு வந்தவர். முதலில் நான் இப்படி எழுத நினைத்தேன்: அவர் சர்வ அதிகாரம் படைத்த அரசர்; அவர் நாட்டுக்குள்ளே, அவர் தலைநகரிலிருந்து நூறு கிலோமீட்டரில், பத்தாண்டு காலம் எல்லோர் கண்ணுக்கும் தெரிய எழுந்த ஒரு கோபுரத்தை நிறுத்த விரும்பியிருந்தால் ஒரு தாக்கீது போதும்; நிற்கவில்லை என்பதே அவர் தடுக்கவில்லை என்பதற்குச் சான்று. எழுதிய பிறகு அடித்துவிட்டேன். நிஜாமுக்கு மேலே ஐதராபாத்தில் பிரிட்டிஷ் ரெசிடென்ட், அதாவது ஆங்கிலேய அரசின் பிரதிநிதி, ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஆங்கிலேய மிஷனரியின் வேலையில் கைவைக்க எந்த நிஜாமும் இருமுறை யோசித்திருப்பார். ஆகவே ‘நிறுத்தவில்லை’ என்பதிலிருந்து ‘நிறுத்த விரும்பவில்லை’ என்ற முடிவுக்குப் போக முடியாது.

ஆனாலும் கதையை நான் நம்பவில்லை; காரணம் வேறு. மேதக்கில் இந்தக் கதையை எனக்குச் சொன்ன வழிகாட்டி, நிஜாமின் ஆட்கள் கயிறு போட்டு அளந்தார்கள், அப்போது கோபுரம் சிறிதாகக் காட்டப்பட்டது, அவர்கள் போன பிறகு உயர்த்தப்பட்டது என்றார். கல் கோபுரத்தின் எடை அஸ்திவாரத்திலேயே தீர்மானமாகிவிடும். அடியில் போட்ட கல்லைப் பார்த்தாலே மேலே எவ்வளவு வரப்போகிறது என்று ஒரு சாதாரணக் கொத்தனார் சொல்லிவிடுவார். நிஜாமிடம் கொத்தனார்களுக்குப் பஞ்சமில்லை. அதைவிட, அந்தக் கதையை விரும்பிச் சொல்கிறவர்களைக் கவனித்திருக்கிறேன். தன் தாத்தா கல் சுமந்தார் என்று சொல்லும் கிராமத்தார் வாயிலிருந்து நிஜாம் கதை ஒருமுறைகூட வந்ததில்லை. காரில் வந்து இறங்குகிறவர்களுக்குத்தான் அது தேவைப்படுகிறது.

11 ஜனவரி 2025

கேட்ட நண்பர் வரும் மாதம் குடும்பத்தோடு போகப்போவதாக எழுதியிருக்கிறார். செகந்திராபாத் ஜூபிலி பஸ் நிலையத்திலிருந்து மேதக்குக்கு நேர்ப் பேருந்து உண்டு. சாலையைப் பொறுத்து இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வெயில் இருக்கும்போதே உள்ளே இருங்கள். மாலையில் போய் ஜன்னல் தெரியவில்லை என்று என்னைக் குறை சொல்லவேண்டாம். தூணைத் தட்டி யாராவது தாத்தாவைப் பற்றிச் சொன்னால் எந்தத் தூண் என்று குறித்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். கணக்கு வைத்திருக்கிறேன், இதுவரை நான்கு. உள்ளே போகுமுன் செருப்பு இரண்டையும் வாரோடு வார் சேர்த்துக் கட்டி, பிள்ளைகளின் செருப்பைப் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள்.